தம்பி சமைக்கும் படகு

தோழி என்னிடம் விட்ட வேலை ஒன்றே ஒன்றுதான். "படகை நீ பாத்து முடிவு பண்ணு. மத்ததெல்லாம் என் பொறுப்பு" என்று போனில் சொன்னாள். நாங்கள் போக நினைத்தது மாலத்தீவின் தென்கோடிக்கு. அங்கே கரையில் அறை எடுத்துத் தங்கினால் தூரத்துப் பாறைகளுக்குப் போய்வர முடியாது. ஒரு வாரத்துக்கு மேல் படகிலேயே படுத்து, படகிலேயே சாப்பிட்டு, அங்கிருந்தே கடலுக்குள் இறங்கி ஏற வேண்டும். அந்த ஊரில் அதை சஃபாரி போட் என்பார்கள். பார்க்க ஒரு மாடி வீட்டை அப்படியே எடுத்து மிதக்கவிட்ட மாதிரி இருக்கும்.

அவள் கேரளத்துக்காரி, நர்ஸ். என் கணவர் மஸ்கட்டில் எலக்ட்ரிக்கல் வேலையில் இருந்த காலத்தில் எங்களுக்குப் பக்கத்து ஃபிளாட். என்னோடு பேசிப் பேசியே தமிழ் பழகியவள். ஒரு வெள்ளிக்கிழமை, சும்மா கடலைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கூட்டிப் போய், ஸ்கூபா சொல்லிக்கொடுக்கும் இடத்தில் என்னைக் கேட்காமலே என் பெயரையும் சேர்த்துவிட்டாள். எனக்கு நீச்சல் தெரியும். கீரமங்கலத்தில் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் தம்பியும் நானும் ஒன்றாகக் கற்றது. ஆனால் தண்ணீருக்கடியில் நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டே இருக்கலாம் என்பதை என் நெஞ்சு நம்புவதற்குக் கொஞ்சம் நாளாயிற்று. நம்பிய பிறகு விடுமுறை நாட்களில் என்னைக் கரையில் பார்க்க முடியாது.

மகளின் பெரிய வகுப்புப் படிப்பை உத்தேசித்து ஊர் திரும்பினோம். புதுக்கோட்டையில் வீடு. ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் எனக்கு வேலை. எங்கள் மாவட்டத்துக்கும் கடல் உண்டு. திரும்பி வந்த வருடம் ஏக்கம் தாங்காமல் கணவரைக் கிளப்பிக்கொண்டு மணமேல்குடிப் பக்கம் போனேன். கடல் ஏரியைப் போல அசையாமல் கிடந்தது. நடந்துகொண்டே இருந்தேன்; முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறவில்லை. கலங்கலில் என் பாதமே எனக்குத் தெரியவில்லை. "போதும் திரும்பு, யாழ்ப்பாணம் வந்துரப் போகுது" என்றார் அவர் கரையிலிருந்து. சிரித்துக்கொண்டுதான் திரும்பினேன். காரில் ஏறியதும் அழுகை வந்தது. அவர் அறந்தாங்கி வந்ததும் ஒரு டீக்கடையில் நிறுத்தினார்.

அப்படி இருந்தவளுக்கு, மகள் கல்லூரி விடுதிக்குப் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில், மஸ்கட்டை விட்டுக் கொச்சிக்கே வந்துவிட்ட தோழியிடமிருந்து இந்த போன் வந்தால் எப்படி இருக்கும்? சரி என்று சொல்லிவிட்டுத்தான் கணவரிடம் சொன்னேன். அவருக்குக் கடலைக் கண்டாலே தலை சுற்றும். "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க, நான் வீட்டப் பாத்துக்குறேன்" என்றார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்துக்கொண்டு படகுகளைப் பார்ப்பேன். படங்களில் எல்லாம் ஒரே வெள்ளை. எல்லாவற்றிலும் யாரோ ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு சூரியன் மறைவதைப் பார்க்கிறாள். பக்கத்து மேசைக்காரம்மா தயிர்சாதத்தைப் பிசைந்தபடியே எட்டிப் பார்த்து, "பிளாட் வாங்கப் போறீங்களா டீச்சர்?" என்றார். நான் டீச்சர் இல்லை. எங்கள் அலுவலகத்தில் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்.

முதலில் எனக்குப் பிடித்துப்போனது ஒரு பெரிய படகு. ஒவ்வொரு அறைக்கும் முழு நீளக் கண்ணாடி ஜன்னல், மேல்தளத்தில் வெந்நீர்த் தொட்டி. தோழிக்கு அனுப்பினேன். அவள் பல வருடம் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தவள். "அழகப் பாக்காதே. ஏதாவது தப்பாப் போனா என்ன பண்ணுவாங்க, அதப் பார்" என்றாள். சஃபாரி படகுகள் எரிந்துபோன செய்திகளை அவள் படித்திருந்தாள். பெரும்பாலும் ராத்திரியில், அறைக்குள் எதையோ சார்ஜ் போட்டுவிட்டு எல்லோரும் தூங்கும்போது பிடித்த தீ. அதனால் கேமரா, டார்ச் பேட்டரிகளை எங்கே சார்ஜ் செய்யச் சொல்கிறார்கள், இரவில் ஒருவராவது விழித்திருந்து சுற்றி வருகிறாரா, கீழ்த்தளத்து அறையிலிருந்து வெளியே வரப் படிக்கட்டைத் தவிர இன்னொரு வழி இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கச் சொன்னாள். அப்புறம் ஆக்சிஜன். நாங்கள் முதுகில் கட்டிக்கொண்டு இறங்கும் சிலிண்டரில் இருப்பது வெறும் காற்றுதான். ஆக்சிஜன் என்பது யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் கொடுப்பதற்கு. தென்கோடியில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர நேரமாகும் என்பதால் அது போதுமான அளவு இருக்க வேண்டும்.

பெரிய படகுக்காரர்களுக்கு எழுதினேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் மசாஜ் சலுகை பற்றி எழுதினார்கள். இன்னொரு படகு நடுத்தரம். ஜன்னல் சின்னது. சோபா வெளுத்திருந்தது படத்திலேயே தெரிந்தது. அங்கிருந்து வந்த பதில் சுருக்கமாகவும் சுத்தமாகவும் இருந்தது. பேட்டரிக்கு மேல்தளத்தில் தனி இடம், இரவுக் காவல் உண்டு, கீழறைகளுக்கு மாற்று வழி இருக்கிறது என்று படத்தோடு அனுப்பியிருந்தார்கள். முடிவு செய்ய அதுவே போதும். ஆனால் நான் முடிவு செய்யவில்லை. என் மனதில் வேறொரு படகு இருந்தது. அதில் என் தம்பி சமையல்காரன்.

அவன் திருச்சியில் கேட்டரிங் படித்தவன். கஜா புயலில் எங்கள் தென்னைகள் எல்லாம் விழுந்த பிறகு மாலத்தீவுக்குப் போனான். முதலில் ஒரு தீவு ஹோட்டலில் வேலை, அப்புறம் படகு. என் மகளின் சடங்குக்குத் தாய்மாமனாக மாலையும் புடவையுமாக வந்து நின்றான். அன்றைக்குப் பந்தியிலும் அவனே நின்று பரிமாறினான். அதுதான் அவன் கடைசியாக ஊருக்கு வந்தது. நான்கு வருடம் ஆகிவிட்டது. காற்று மாறிப் படகுகள் ஓயும் மாதங்களில் எல்லோரும் ஊருக்குப் போவார்கள். இவன் அந்த நாட்களிலும் படகைக் கரையேற்றிப் பெயின்ட் அடிக்கும் வேலையில் இருந்துகொள்வான். சண்டை, கோபம் என்று எதுவும் கிடையாது. ஒருமுறை ஏனடா என்று கேட்டதற்கு, "இங்கிட்டே கெடந்தா பழகிருதுக்கா. அங்கிட்டு வந்துட்டுத் திரும்புறதுதான் முடியல" என்றான். எனக்கு அது புரிந்தது. ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பும்போதெல்லாம் நானும் மஸ்கட் விமான நிலையத்தில் அப்படி நின்றவள்தான்.

தோழியிடம் சொன்னேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். அந்த சந்தோஷத்திலும், "தம்பிகிட்டயும் அதே கேள்வி எல்லாம் கேட்டுடு" என்றாள்.

"அவன் இருக்கறப்ப என்னடி பயம்?"

"அவன் இருக்கறதால தீ பிடிக்காதா? கேளு."

சனிக்கிழமை மத்தியானம் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டே தம்பியைக் கூப்பிட்டேன். ஒரு கூட்டத்தை இறக்கிவிட்டு அடுத்த கூட்டம் ஏறும் வரை அவர்கள் படகு மாலே துறைமுகத்தில் நிற்கும். அப்போதுதான் அவன் ஓய்வாகப் பேசுவான். நாங்கள் வரப்போகிற செய்தியைச் சொன்னதும் சிரித்தான். "நீ தண்ணிக்குள்ள போறத நான் பாத்ததே இல்லக்கா" என்றான். கேள்விகளை விளையாட்டுப்போல ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஆக்சிஜன் இருக்கிறது என்றான். இரவுக் காவலுக்கு ஆள் உண்டு, சில நாள் அவரும் தூங்கிவிடுவார் என்றான்.

"கீழ ரூம்லேருந்து வெளிய வர எத்தனை வழிடா?"

"படிதான்."

"படி இல்லாம?"

பின்னால் யாரோ பாத்திரம் அலசும் சத்தம் கேட்டது.

"மேல ஒரு மூடி இருக்குக்கா. எங்க ஸ்டோர் ரூம்ல வந்து தொறக்கும்."

"தொறக்குமா?"

"தொறக்கும். ஆனா அது மேல அரிசி மூட்டை கெடக்கு, மைதா மூட்டை கெடக்கு. வேற எடம் இல்ல. நான்தான் அடுக்குறேன்." அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "நீ எங்க போட்டுல வராதக்கா."

கையில் இருந்த துணியை மறுபடி கொடியிலேயே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"நீ எங்கடா படுக்குற?"

"கீழதான். முன்னாடி பக்கம்."

"அங்கேருந்து வர?"

"அதே படிதான்."

"எனக்கு வேண்டாங்குற போட்டுல நீ மட்டும் எப்புடிடா படுத்துக் கெடக்குற?"

"எனக்கு அது வேலைக்கா. நீ காசு குடுத்து வர்றவ, பாத்துத்தான் வரணும்." அப்புறம், "வெக்கையா இருந்தா மேல டெக்குல பாயப் போட்டுக்குவோம். பாதி நாள் அங்கதான்" என்றான், எனக்கு ஆறுதலாக.

அந்த வாரம் முழுக்க எனக்கு வேலையில் புத்தி போகவில்லை. படகை நானும் அவளும் எங்களுக்காக அலசிக்கொண்டிருந்தோம். ஒரு வாரம் இருந்துவிட்டு இறங்கப்போகிறவர்கள். வருடம் முழுக்க அதில் படுப்பவன் என் உடன்பிறந்தவன் என்பது இத்தனை நாள் எனக்கு உறைக்கவே இல்லை. அவனை அழைத்து வேறு படகு பார் என்றேன். சீசன் நடுவில் மாற முடியாது என்றான். கேப்டனிடம் மூட்டையைப் பற்றிப் பேசு என்றேன். பேசுகிறேன் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை கீரமங்கலம் போனோம். எங்கள் வீட்டில் அம்மாவை ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம். நாங்கள் போனபோது ஆத்தா பூவை எடுத்து மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டு, முல்லைக்கொல்லையில் மோட்டார் போட்டுத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தது. கணவர் அதற்குள் விஷயத்தைச் சொல்லிவிட்டார், நான் போகப்போவதை மட்டும்.

"தம்பி போட்டுலயா?" என்று கேட்டது ஆத்தா.

"இன்னும் முடிவு பண்ணல."

"இதுல என்ன முடிவு பண்ண இருக்கு? அவன் போட்டுலயே போ பாப்பா. அவன் ஆக்கிப் போடுறதத் தின்னுட்டு, ஆளு எப்புடி இருக்கான்னு பாத்துட்டு வா. போன்ல மொகத்த மட்டுந்தான் காட்டுறான். மெலிஞ்சிருக்கானா என்னன்னு தெரியல."

மூட்டையைப் பற்றி ஆத்தாவிடம் எப்படிச் சொல்வது? அவன் படகில் இடம் இல்லாவிட்டால் வேறு படகில் போவேன், எப்படியும் அவனைப் பார்த்துவிடுவேன் என்றேன். ஆத்தா அதை ஒத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. வாய்க்காலை வெட்டி அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டது.

திரும்பி வரும் வழியில் கணவரிடம் கேட்டேன். "நான் அவன் போட்டுலயே போறேங்க. எங்க ரூம் மேல்தளத்துல கேட்டுக்குறேன். அவன் இருக்குற எடத்துல நான் இருந்தா என்ன?"

ஆலங்குடி தாண்டியதும், "நீ அந்தப் போட்டுல ஏறுனா, அத்தனை நாளும் அவன் தூங்க மாட்டான்" என்றார். "பகல் பூரா அடுப்புல நிக்கிறவன். அவனத் தூங்க விடு."

அன்றைக்கே சின்ன ஜன்னல் வைத்த நடுத்தரப் படகுக்கு எழுதிப் போட்டேன். தம்பியிடம் சொன்னபோது, "நல்ல போட்டுதான். அதுல சாப்பாடு மட்டும் சுமாரு" என்றான். எங்கள் படகும் அவன் படகும் அதே வாரம் தெற்கே இருக்கும், தண்ணீரும் காய்கறியும் ஏற்ற எல்லாப் படகும் ஒரே தீவுத் துறைமுகத்துக்குத்தான் வரும், நாள் ஒத்துவந்தால் பார்க்கலாம் என்றான். ஒத்துவராமலும் போகலாம் என்றும் சொன்னான்.

புதுச்சேரியில் ஒரு நாள் கடலுக்கடியில் இறங்கி ஸ்கூபாப் பழக்கத்தைத் திரும்பப் பிடித்துக்கொண்டு, மாசி மாதம் கிளம்பினோம். படகில் எங்கள் அறைக்குள் போனதும் தோழி பையைக்கூட வைக்காமல் கூரையில் இருந்த மூடியைத் தள்ளிப் பார்த்தாள். திறந்தது. வெளிச்சம் விழுந்தது. பிறகுதான் கட்டிலில் உட்கார்ந்தாள். கடலில் இறங்குவதற்குப் படகோடு கூடவே வரும் சின்னப் படகை அந்த ஊரிலும் தோணி என்றுதான் சொன்னார்கள். அந்த ஒரு சொல் காதில் விழுந்தபோது எனக்குள் என்னவோ இளகியது.

வெளிக்கடலிலிருந்து ஒரு தீவுக்கூட்டத்துக்குள் தண்ணீர் பாயும் இடைவெளியில் இறங்கினோம். நீரோட்டம் இழுத்தது. பாறை விளிம்பில் எங்கள் கயிற்றுக் கொக்கியை மாட்டிக்கொண்டு கொடிபோல நீண்டு கிடந்தோம். முன்னால் நீலம், அதற்குள் இன்னும் அடர்ந்த நீலம். அதிலிருந்து சாம்பல் நிறச் சுறாக்கள் வாலைக்கூட அசைக்காமல் வந்து, எங்களைப் பார்த்துவிட்டுப் போயின. இத்தனை வருடம் எதற்காக ஏங்கினேனோ அதற்குள்தான் இருந்தேன். ஆனாலும் தலைக்கு மேலே ஏதாவது படகின் அடிப்பாகம் நிழலாகக் கடந்தால், அது அவன் படகோ என்றுதான் அண்ணாந்து பார்த்தேன்.

நாள் ஒத்துவந்தது. திரும்பும் முன்பு எங்கள் படகு அந்தத் துறைமுகத்துக்குள் நுழைந்தபோது, முட்டைக்கோஸ் மூட்டைகளுக்குப் பக்கத்தில் கட்டம் போட்ட சமையல்காரர் பேண்டோடு ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான். முன்வழுக்கை ஏறியிருந்தது. தொப்பை போட்டிருந்தது. தூரத்திலிருந்து, அவன் எங்களை நோக்கி நடந்து வந்த நடையை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. கடலில் இருந்து ஏறிய ஈரத் தலையோடு கரைக்கு இறங்கினேன்.

"தலையத் துவட்டுக்கா, சளி புடிக்கும்" என்றான். நான்கு வருடத்துக்குப் பிறகு நேரில் சொன்ன முதல் பேச்சு அது.

அவர்கள் படகில் ஐஸ் ஏற்றி முடிக்கும் வரைதான் நேரம். துறைமுகச் சுவரில் உட்கார்ந்தோம். ஆத்தா கொடுத்தனுப்பிய பையைக் கொடுத்தேன். மணத்தக்காளி வத்தல் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்துவிட்டு மடித்து வைத்தான். பூ என்ன விலை போகிறது என்று கேட்டான். ஆத்தாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்றான். என் மகள் என்ன படிக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியும், ஆனாலும் கேட்டான். நான் வீட்டிலிருந்து கிளம்பும்போதே சொல்ல வேண்டியதை மனதில் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். வாயில் வந்தது, "நல்லா சாப்புடுறியாடா?" என்பதுதான்.

"சமையக்காரனப் பாத்துக் கேக்குற" என்று வயிற்றைத் தட்டிக் காட்டினான்.

தோழி அதுவரை எட்ட நின்றவள், வந்து ஒரு சின்னப் பெட்டியை அவன் கையில் வைத்தாள். கொச்சியிலேயே வாங்கியிருக்கிறாள், என்னிடம்கூடச் சொல்லவில்லை. புகை வந்தால் கத்தும் கருவி, பேட்டரியில் ஓடுவது. "கட்டிலுக்கு மேல ஒட்டிக்கோ. சமையல் ரூம்ல வேண்டாம், தாளிக்கும்போதெல்லாம் கத்தும்" என்றாள். அவன் சிரித்துக்கொண்டே வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டான்.

"மூட்டையெல்லாம் மாத்திட்டோம்க்கா" என்று போனில் ஒரு படத்தைக் காட்டினான். ஸ்டோர் ரூம் தரையில் மூடி மட்டும் தெரிந்தது.

"அப்ப அரிசி எங்க?"

"என் கட்டில்ல, கால்மாட்டுல. காலத்தான் நீட்ட முடியல. மத்தபடி ஒண்ணும் இல்ல."

நான் எதுவும் சொல்வதற்குள் அந்தப் பக்கமிருந்து அவனைக் கூப்பிட்டார்கள். எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். நானும் எழுந்தேன். அவன் சட்டையில் வெங்காயமும் டீசலும் மணந்தது.

"சரிக்கா, வாரேன்" என்றான்.

எங்கள் ஊரில் போகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அவர்கள் படகின் தோணியில் தாவி ஏறி, கோஸ் மூட்டைகளை இழுத்துப் போட ஆரம்பித்தான். கை ஒழிந்தபோது ஒருமுறை இந்தப் பக்கம் பார்த்தான். நான் துவாலையைத் தலையில் சுற்றிக்கொண்டு நின்றேன்.

ஊருக்கு வந்த மறுநாளே கீரமங்கலம் போனேன். ஆத்தா எனக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தது. ஆள் மெலியவில்லை, தொப்பை போட்டிருக்கிறான் என்றதும் அதன் முகம் தெளிந்தது. வத்தலை முகர்ந்து பார்த்ததைச் சொன்னேன்.

"கெளம்பறப்ப என்ன சொன்னான்?"

"வாரேன்னு சொன்னான்."

"எப்பயாம்?"

நான் காபியைக் குடித்தேன். "அதச் சொல்லலத்தா."

"அவங்க போட்டு எப்ப நிக்கும்?" என்று கேட்டது ஆத்தா.

"வைகாசில நிக்கும்."

"அப்ப வைகாசிக்குப் பொறவு" என்று சொல்லிவிட்டு எழுந்து, டம்ளரை வாங்கிக்கொண்டு போனது. வைகாசி வர இன்னும் நாள் இருக்கிறது. ஆத்தா அதற்குள் பின்கட்டில் தம்பியின் அறைக் கதவைத் திறந்து, பரணில் கிடந்த அவன் மெத்தையை இறக்கி வெயிலில் போட எனக்குக் குரல் கொடுத்தது. இருவருமாகப் பிடித்து வெளியே இழுத்துக் காயப்போட்டோம்.